திருச்சி–யாழ்ப்பாணம் 184 கிலோமீட்டர்தான், ஆனா டிக்கெட் போடும்போது இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

டிக்கெட் புக்கிங் வேலைக்குப் புதுசா வர்ற பசங்க அதே தப்பத்தான் திரும்பத் திரும்ப பண்றாங்க. பேர் ஸ்பெல்லிங், பாஸ்போர்ட் எக்ஸ்பைரி எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடுறேன்.

தூரத்த வேகத்தால வகுக்குறது

திருச்சி டு பலாலி (யாழ்ப்பாணம் ஏர்போர்ட் இருக்கிற இடம்) வான்வழியா சுமார் 184 கிலோமீட்டர். ஓடுறது ஏடிஆர் 72, புரொப்பல்லர் வச்ச சின்ன ஃப்ளைட், மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். உடனே கால்குலேட்டர தட்டி 22 நிமிஷம்னு சொல்லிடுறாங்க. டிக்கெட்ல கிட்டத்தட்ட ஒரு மணிநேரம்னு இருக்கும், ஏன்னா அது ஃப்ளைட் நின்ன இடத்த விட்டு நகர்றதுலேர்ந்து அந்த ஊர்ல போய் நிக்கிற வரைக்கும். ரன்வே வரைக்கும் உருண்டு போகணும், மேல ஏறணும், இந்த தூரத்துக்கு ஏறி முடிச்ச கையோட இறங்க ஆரம்பிச்சிடும், காத்து அடிக்கிற பக்கத்தப் பொறுத்து ரன்வேயோட அந்தக் கோடிக்கு சுத்தி வேற வரணும். ஆட்டோல மினிமம் சார்ஜ் மாதிரி இது, எவ்ளோ கிட்டக்க போனாலும் குறையாது. சென்னை–யாழ்ப்பாணம் 355 கிலோமீட்டர், தூரம் ஏறக்குறைய டபுள், நேரம் டபுள் ஆகல, கால் மணி இருபது நிமிஷம்தான் கூட.

தனித்தனி டிக்கெட்ல கனெக்ஷன்

இத நினைச்சா இன்னும் எரிச்சலா வருது. யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்து திருச்சில மாறி சிங்கப்பூர் போறதுக்கு ஒரு அம்மாவுக்கு யாரோ ரெண்டு தனி டிக்கெட் போட்டுக் குடுத்திருக்காங்க, சின்ன தூரம்தானேன்னு நடுவுல ரெண்டு மணிநேரம்கூட விடல. தனி டிக்கெட்னா பெட்டி தானா அடுத்த ஃப்ளைட்டுக்குப் போகாது, இமிக்ரேஷன் லைன்ல நின்னு, பெட்டி எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி வெளிய வந்து, மறுபடி டிபார்ச்சர் பக்கம் போய் செக்-இன் பண்ணணும், அந்த கவுண்டர் ஃப்ளைட்டுக்கு ஒரு மணிநேரம் முன்னாடியே மூடிடும். அந்தம்மா ஒடியல் (காயவச்ச பனங்கிழங்கு) வச்சு நைலான் கயிறால கட்டின அட்டைப்பெட்டியோட மூடின கவுண்டர் முன்னாடி நின்னு, "அரை மணித்தியால ஃப்ளைட் எண்டுதானே தம்பி சொன்னவை"ன்னு கேட்டாங்க. மொத ஃப்ளைட் லேட்டே இல்ல, கரெக்ட் டைமுக்குத்தான் வந்துச்சு. சிங்கப்பூர் டிக்கெட் காசு போச்சு, மகள் அங்கேர்ந்து புதுசா வாங்கினாங்க. தனி டிக்கெட்னா ரெண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பே கிடையாது, இத பணம் வாங்குறதுக்கு முன்னாடி சொல்லணும். குறைஞ்சது அஞ்சு மணிநேரம் விடுங்க. இலங்கை பாஸ்போர்ட்னா வெளிய வந்து பெட்டி எடுக்க இந்திய விசாவும் வேணும், அது இல்லாம இப்படி டிக்கெட்டே போடாதீங்க.

கடல் மைல்

திருச்சி–யாழ்ப்பாணம் தூரம் எங்கயாவது 99-னு போட்டிருந்தா அது கிலோமீட்டர் இல்ல, கடல் மைல். கிலோமீட்டர் வேணும்னா 1.852-ஆல பெருக்குங்க.

நேர வித்தியாசம்

கிடையாது. 2006-லேர்ந்து ரெண்டு நாட்டுக்கும் ஒரே டைம்.

ஏர்போர்ட்டையே ஊர்னு நினைக்கிறது

பலாலி யாழ்ப்பாணம் டவுனுக்கு வடக்க சுமார் 16 கிலோமீட்டர். இறங்கி கொழும்பு ரயிலோ பஸ்ஸோ பிடிக்கிறவங்கன்னா அந்த ரோட்டு நேரத்தையும் கேட்டு சேர்த்துக்கோங்க.