எஸ்.எம்.பி.எஸ். போர்டு பழுதுநீக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரிலிருந்தும் சோமனூரிலிருந்தும் எங்கள் பட்டறைக்கு வரும் எஸ்.எம்.பி.எஸ். (ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றித் தரும் ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) போர்டுகளில், தாமாகக் கெட்டவற்றைவிட, தொழில் பழகுபவர்கள் கைவைத்து மேலும் கெடுத்தவையே என் பொறுமையைச் சோதிக்கின்றன. அந்தத் தவறுகளுள் பல, ஒரு காலத்தில் நானும் செய்தவைதாம். பிளக்கைக் கழற்ற மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றி, நேரே மின்சாரம் கொடுப்பது

பியூஸ் போயிருக்கும், மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தை அதிவேகமாக விட்டுவிட்டு நிறுத்தும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் காட்டும். இவ்விரண்டையும் மாற்றியதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆன அந்த நொடியிலேயே, பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும் ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி., மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலில் உள்ள ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டரை அறுத்து, கேட் ரெசிஸ்டரையும், மாஸ்ஃபெட்டை இயக்கும் பி.டபிள்யூ.எம். ஐ.சி.யையும் பதம் பார்த்திருக்கக்கூடும். அவற்றைச் சோதிக்காமல் ஸ்விட்சைப் போட்டால் புதிய மாஸ்ஃபெட்டும் வெடிக்கும்.

தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில், ஒரு பின்னல் இயந்திரத்தின் போர்டில் இப்படியே மாஸ்ஃபெட்டுகளை அடுத்தடுத்து வெடிக்கவிட்ட இளைஞர் ஒருவர், "பியூஸ் நிக்கவே மாட்டேங்குதுங்ணா, அதான் பெருசாப் போட்டனுங்க" என்றார். பியூஸ் நின்றது, செப்புத் தடம் எரிந்து, பலகையே கரியாகியிருந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அதை முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே, எரிந்த தடத்துக்குப் பதிலாக வயர் இழுக்க முடிந்தது. ஐ.சி. உட்பட எல்லாவற்றுக்கும் ஆன செலவை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இத்தனையையும் ஒரு 100 வாட் குண்டு பல்பு தடுத்திருக்கும். அதை ஃபேஸ் வயரில் சீரிஸாக இணைத்தால், போர்டில் ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்குக் குறைவாகவே மின்னோட்டம் செல்லும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே எரிந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

கெப்பாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது

கூடாது. சில கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக மின்னேற்றத்தை இறக்கி, மீட்டரில் பார்த்த பின்னரே கைவைக்க வேண்டும்.

உப்பாத கெப்பாசிட்டர் நல்லது என நம்புவது

உப்பாமலே அதன் உள் மின்தடை (ஈ.எஸ்.ஆர்.) ஏறிக் கெட்டிருக்கலாம். அதை அளக்க ஈ.எஸ்.ஆர். மீட்டர் வாங்குங்கள்.

பஞ்சோடு அளப்பது

நம் பகுதி ஆலைகளிலிருந்து வரும் போர்டுகளில் பஞ்சுத் துகள் படிந்திருக்கும். அது ஈரத்தை இழுத்து, உயர் மதிப்பு ரெசிஸ்டர்களைக் குறைத்துக் காட்டும். தூரிகையால் தட்டி, ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கொண்டு துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே மீட்டரை எடுக்க வேண்டும்.