பிரஷ் கட்டர் உதறுகிறதா? அரத்தை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

மழை விட்டதும் ஏற்காட்டில் காபிச் செடிகளுக்கு நடுவே களை முழங்கால் உயரம் நிற்கும். போன வருடம் நாகலூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் பிரஷ் கட்டர் என்ற களை வெட்டும் மெஷினால் அரை மணி நேரம் வெட்டியதற்கே இரண்டு கையும் மரத்துப்போய் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. பிளேடில் ஒரு பக்கம் எடை கூடிவிட்டது என்று நினைத்து மூன்று நாள் அரம் போட்டு ராவினேன், உதறல் நிற்கவே இல்லை.

முதலில் எஞ்சினை அணைத்து ஸ்பார்க் பிளக் கேப்பைப் பிடுங்கிவிடுங்கள், தடித்த கையுறை போடுங்கள். கியர் பாக்ஸ் ஓட்டையில் ஆலன் கீயைச் செருகினால் பிளேடு மாட்டிய தண்டு சுற்றாது. பெரும்பாலான மெஷினில் பிளேடைப் பிடித்திருக்கும் நட் இடது மரை, அதனால் கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.

கழற்றிய பிளேடை நன்றாகக் கழுவித் துடைத்து, விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் சந்தேகம்தான். ஆனால் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். பல்லின் அடியிலும் நடு ஓட்டையைச் சுற்றியும் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையின் மேல் தலைமுடி போல ஒரு ஈரக்கோடு தெரியும்.

அப்புறம் எடை. வழவழப்பான ஒரு கம்பியைப் படுக்கையாகப் பிடித்து அதில் பிளேடை மாட்டி, ஒவ்வொரு பல்லையும் மேலே கொண்டுவந்து விடுங்கள். எப்போதும் ஒரே பல் கீழே வந்து நின்றால் அதுதான் கனம், அதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ராவிப் பாருங்கள். நான் கிரைண்டர் பக்கமே போகமாட்டேன், அந்தச் சூட்டில் முனை நீலம் பாய்ந்தால் இரும்பின் உறுதி போய்விடும். சாணை பிடிக்கும்போதும் எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் இழுங்கள்.

சரி, என்னை மூன்று நாள் அலைக்கழித்தது எது? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பிளேடின் நடு ஓட்டை 25.4 மில்லிமீட்டர். என் மெஷினில் பிளேடு உட்காரும் மேடு 20 மில்லிமீட்டர். இறுக்கும்போது பிளேடு ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படி மாட்டினால் எவ்வளவு சரியான பிளேடும் உதறும். மேட்டில் வைத்து நட் போடாமல் அசைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் ஆடவே கூடாது. ஆடினால் அளவுக்கேற்ற பிளேடையோ வாஷரையோ மாற்றுங்கள், சணல், டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள்.

மாட்டியபின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் பிளேடு சுற்றக் கூடாது. வெட்டும்போது 15 மீட்டருக்குள் யாரும் நிற்க வேண்டாம். கல் நிறைந்த சரிவில் பிளேடுக்குப் பதில் நைலான் கயிறுதான் நல்லது.

பின்சேர்க்கை: விரிசலை வெல்டிங் வைத்து மூடலாமா என்று இருவர் கேட்டார்கள். கூடவே கூடாது, அந்தச் சூட்டில் பக்கத்து இரும்பும் பலவீனமாகும், சுற்றும் வேகத்தில் பிய்ந்து வந்தால் காலோடு போய்விடும். விரிசல் கண்டதை நாங்கள் இரண்டாக அறுத்துத்தான் பழைய இரும்புக்குப் போடுகிறோம், முழுசாகக் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.