சீட்டில் ‘எஃப் 60.9’ என்று இருந்தால் செய்யக்கூடாதவை

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறவர்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள குறியீட்டைத் திரும்பும் பஸ்ஸிலேயே செல்போனில் தேடுவது இயல்புதான். எஃப் 60.9 என்றால் ‘வகை குறிப்பிடப்படாத ஆளுமைக் கோளாறு’ என்று வரும். உடனே “பையன் குணமே சரியில்லையாம்” என்று வீட்டில் முடிவு கட்டாதீர்கள்.

இளம் வயதிலிருந்தே ஒருவர் யோசிக்கிற, உணர்கிற, பழகுகிற விதம் அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து சிரமப்படுத்துகிறது. ஆனால் வகை எது என்று சொல்லப்படவில்லை. குறியீட்டுக்கு அவ்வளவுதான் பொருள். அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம் 5-இல் உள்ள 10 வகைகளில் எதற்கும் அவர் முழுதாகப் பொருந்தாமல் இருக்கலாம். அவசரப் பிரிவில் ஒருமுறை மட்டும் பார்த்ததால் தகவல் போதாமல் இருக்கலாம். லேசானதா, தீவிரமானதா என்பதை இது சொல்வதே இல்லை. இந்தக் குறியீடு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-யின் பழைய பதிப்பில் (ஐசிடி 10) உள்ளது; தீவிரத்தை வைத்துப் பிரிப்பது 2022-இல் நடைமுறைக்கு வந்த புதிய பதிப்பான ஐசிடி 11.

டாக்டரிடம் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். குடி, மனச்சோர்வு, தலைக்காயம் போன்றவற்றால் வந்த மாற்றமா என்று பார்த்த பிறகே ஆளுமைக் கோளாறு என்று சொல்ல முடியும். சின்ன வயதிலிருந்து அவரை அறிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. சாதி மாறிக் காதலித்த பெண்ணை “இவளுக்கு ஏதோ கோளாறு, எழுதிக் கொடுங்கள்” என்று டாக்டரிடம் இழுத்துப் போவது. வகையே சொல்லாத ஒரு பெயர் இதற்கு வசதியாகிவிடும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் இதை உரக்கச் சொல்லியாக வேண்டும்: ஊர் வழக்கத்துக்கும் ஒழுக்க மதிப்புகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. பெற்றோரின் கோபம் நோய்க்கான ஆதாரம் ஆகாது.

அப்புறம், அதே குறியீட்டை வருஷக்கணக்கில் சுமக்க விடாதீர்கள். “வகை ஏன் எழுதவில்லை, எப்போது மறுபடி பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். மாத்திரை மட்டும் போதும் என்றும் இருந்துவிட வேண்டாம். இதற்கு முதன்மையான சிகிச்சை, பேச்சு வழியாகத் தரும் உளவியல் சிகிச்சைதான். அலைய முடியாத நாளில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.