நாணயத்தின் பூப்பக்கத்தில் இருக்கும் கதையைப் படிப்பது எப்படி?

ரோமப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் ஊருக்கு ஊர் சொந்தமாகச் செப்பு, வெண்கல நாணயம் அடித்தார்கள். தலைப்பக்கம் பேரரசர். பூப்பக்கத்தில் அந்த ஊர் பெருமையாக நினைத்த எதுவும் வரலாம், புராணக் கதைகூட. பயிற்சிக்கு அபமேயா நாணயத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய துருக்கியில் தினார் என்ற ஊர் இருக்கும் இடம்தான் அது.

1. தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்.

2. தலைப்பக்கத்தில் பேரரசரின் பெயர் கிரேக்க எழுத்தில் இருக்கும். நம் நாணயத்தில் முதலாம் பிலிப். ஆக, காலம் கி.பி. 244–249.

3. பூப்பக்கத்தில் 'ஓன்' என்று முடியும் சொல்லைத் தேடுங்கள். 'இந்த ஊராருடையது' என்று அர்த்தம். இங்கே 'அபமெயோன்'. 'எபி' என்று தொடங்கினால் அடுத்து வருவது அதிகாரியின் பெயர்.

4. இப்போது படம். அவசரப்படாதீர்கள். வலப்புறம் தண்ணீரில் மிதக்கும் ஒரு பெட்டி, மூடி திறந்திருக்கிறது, உள்ளே ஆணும் பெண்ணும். (முதல்முறை பார்த்தபோது குளியல் தொட்டி என்றே நினைத்தேன்!) மூடிமேல் ஒரு பறவை, இன்னொன்று சிறு கிளையோடு பறந்து வருகிறது. இடப்புறம் அதே ஆணும் பெண்ணும் கரையில் நின்று கைகளை உயர்த்துகிறார்கள். இரண்டு பேர்தான், நான்கு பேர் இல்லை. முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் ஒரே சட்டத்தில் வைத்துவிட்டார் அச்சு வெட்டியவர். பெட்டியின் முகப்பில் மூன்றே எழுத்து: 'நோஎ'. நோவாதான், பைபிள் கதையில் பெருவெள்ளத்திலிருந்து பேழையில் தப்பியவர்!

5. ஏன் இந்த ஊர்? அபமேயாவுக்குக் 'கிபோடோஸ்', அதாவது பெட்டி, என்று ஏற்கெனவே பட்டப்பெயர் உண்டு. கிரேக்க பைபிளில் நோவாவின் பேழைக்கும் அதே சொல். அந்த வட்டாரத்தில் யூதர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருந்தார்கள். பட்டப்பெயரும் கதையும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான் என்பது என் கணிப்பு.

6. கடைசியாக, ரோமன் ப்ரொவின்ஷியல் காயினேஜ் இணையப் பட்டியலில் ஊரையும் பேரரசரையும் கொடுத்து, நீங்கள் வாசித்ததைச் சரிபாருங்கள். இலவசம்தான்.

சரி, அடுத்ததை நீங்களே செய்து பாருங்கள். அபிடோஸ் நாணயம், பேரரசர் செப்டிமியஸ் செவரஸ். கோபுரத்தில் விளக்கோடு ஒரு பெண், கீழே நீந்தி வரும் ஒரு ஆண். அபிடோஸ் இவர்களில் யாருடைய ஊர்?