தாய் உணவகத்தில் ஆர்டர் சொல்லும்போதே நடந்துவிடும் தவறுகள்

பயணத்தில் முதல்முறையாகத் தாய் உணவகத்துக்குள் போகிறவர்கள் செய்கிற தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மேசையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். சாப்பாடு வந்த பிறகு சரிசெய்ய வழியில்லை. கூட்டமுள்ள கடையாகப் பாருங்கள், கையைக் கழுவுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்கள்கூடச் சறுக்குகிற இடங்கள் வேறு.

## காரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது

சோம் தாம் என்கிற பச்சைப் பப்பாளி சாலடுக்கு உரலில் முதலில் விழுவது மிளகாயும் பூண்டும். அவை நசுங்கிய பிறகுதான் பனைவெல்லம், மீன் சாஸ், எலுமிச்சைச் சாறு, காராமணிக்காய், தக்காளி, கடைசியில் பப்பாளிச் சீவல். தட்டு வந்த பின் மிளகாயைப் பொறுக்கி எடுத்துப் பயனில்லை. அதன் சாறு எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். அதனால் தாய்லாந்தில் காரத்தை எண்ணிச் சொல்வது வழக்கம். "பிரிக் மெத் தியாவ்" என்றால் ஒரே ஒரு மிளகாய். "மை சை பிரிக்" என்றால் மிளகாயே போட வேண்டாம். வெறுமனே "மை பெத்", அதாவது காரம் வேண்டாம் என்று சொன்னால், எவ்வளவு என்பதைச் சமைப்பவர்தான் முடிவு செய்வார். கொஞ்சமும் காரம் தாங்காதவர்கள் உரலைக் கழுவிவிட்டு இடிக்கச் சொல்ல வேண்டும். முந்தைய ஆர்டரின் மிளகாய் அதில் ஒட்டியிருக்கும்.

கறிகள் அப்படியல்ல. பச்சைக் கறி, சிவப்புக் கறி விழுதுகள் முன்கூட்டியே அரைத்து வைத்தவை. காரத்தைக் குறைக்கச் சொன்னால் சமையல்காரர் விழுதைக் குறைப்பார், அல்லது தேங்காய்ப்பாலைக் கூட்டுவார். இரண்டிலும் காரத்தோடு மணமும் போய்விடும். பச்சைக் கறியை நீர்க்க வைத்துச் சாப்பிடுவதற்குப் பதில் மஸமன் அல்லது மஞ்சள் கறி கேளுங்கள். அவை இயல்பிலேயே காரம் குறைந்தவை.

பிற நாடுகளில் உள்ள தாய் உணவகங்களின் மெனுவில் 1 முதல் 5 வரை மிளகாய்ப் படம் போட்டிருப்பார்கள். அதற்குப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒரு கடையின் 2 இன்னொரு கடையின் 4 ஆக இருக்கும். பிரிக் கீ நூ என்கிற சின்ன மிளகாய், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில், 50,000 முதல் 1,00,000 வரை போகும். ஹாலப்பேனோ மிளகாய் 2,500 முதல் 8,000 தான். எந்த மிளகாய் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தப் படங்களுக்கு அர்த்தம். முதல் தட்டைக் குறைந்த காரத்தில் வாங்கி, மேசையில் இருக்கும் மிளகாய்த் தூளால் ஏற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு. வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நீரில் கரையாது. வெறும் சோறும் பால் சேர்த்த தாய் டீயும் உதவும்.

## "டோஃபு போட்டது, அதனால் சைவம்"

இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்பிக்கைக்காகவோ ஒவ்வாமைக்காகவோ மீன், இறால் தவிர்ப்பவர்கள் இந்த ஒரு தவறைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

நடப்பது இதுதான். மெனுவில் பச்சை இலைக் குறி. அதை நம்பி ஒருவர் டோஃபு பச்சைக் கறி வாங்குகிறார். பாதி சாப்பிட்ட பிறகு மேசையில் வேறு யாரோ விழுதைப் பற்றிக் கேட்கிறார்கள். பரிமாறுகிறவர் உள்ளே போய் விசாரித்து வந்து, கொஞ்சம் இறால் விழுது இருக்கிறது என்கிறார். சாப்பிட்டவர் கரண்டியைக் கீழே வைக்கிறார். கடையில் யாரும் பொய் சொல்லவில்லை. அங்கே மீன் சாஸ் என்பது உப்பின் இடத்தில் இருக்கும் பொருள், இறால் விழுது மசாலாவின் ஒரு பகுதி. இறைச்சித் துண்டு இல்லையென்றால் சைவம் என்று பல சமையலறைகள் மனதார நினைக்கின்றன. இலைக் குறியை நம்பிக் கேள்வியே கேட்காமல் விடுவதுதான் எரிச்சலைத் தருகிறது. ஆர்டர் சொல்லும்போது ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பச்சை, சிவப்பு, பனாங், மஸமன் விழுதுகளில் கபி என்கிற இறால் விழுது வழக்கமாக உண்டு. டின்னில் வரும் விழுதுகளிலும் பெரும்பாலும் இருக்கும். டாம் யம் சூப்பில் இறால் தலையோ எலும்போ போட்டுக் கொதிக்க வைத்த சாறு. அதில் கலக்கும் நாம் பிரிக் பாவ் என்கிற வறுத்த மிளகாய் விழுதில் காய்ந்த இறால். பாட் தாயில் மீன் சாஸும் காய்ந்த இறாலும் முட்டையும். வெறும் கீரைதானே என்று வாங்கும் வள்ளைக்கீரை வதக்கலில் சிப்பி சாஸ். சோம் தாமில் மீன் சாஸ், சில வகைகளில் ப்லா ரா என்கிற நொதித்த மீன்.

பல நாட்டுச் சமையலைக் கலக்கும் ஃபியூஷன் கடையில் பட்டியல் இன்னும் நீளும். மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் காய்ந்த போனிட்டோ மீன். கிம்ச்சியில் உப்பிட்ட இறால் அல்லது மீன் சாஸ். லக்ஸா விழுதில் பெலாச்சான் என்கிற இறால் விழுது. எக்ஸ்ஓ சாஸில் காய்ந்த ஸ்காலப். டெம்புரா காய்கறியாகவே இருந்தாலும் தொட்டுக்கொள்ளும் சாறில் மீன் இருக்கும்.

"இது சைவமா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்று தலையாட்டுவதற்கு அது மிகச் சுலபமான கேள்வி. மூன்று கேள்விகள் கேளுங்கள். மீன் சாஸுக்குப் பதில் எதைப் போடுவீர்கள்? கறி விழுது இங்கே அரைத்ததா, டின்னா? டின் என்றால் லேபிளைப் பார்க்கலாமா? முதல் கேள்விக்கு "சோயா சாஸ்" என்று உடனே பதில் வந்தால் அந்தச் சமையலறைக்கு இது பழக்கம். தயங்கினால் கறி, சூப் பக்கமே போகாதீர்கள். ஆர்டர் வந்த பிறகு வாணலியில் முதலிலிருந்து செய்கிற பண்டங்களை மட்டும் கேளுங்கள். சோயா சாஸ் போட்டு வதக்கிய காய்கறி, பாட் சீ யூ நூடுல்ஸ் போன்றவற்றை மீன் சாஸும் சிப்பி சாஸும் இல்லாமல் செய்து தர முடியும். காளானில் செய்த "சிப்பி" சாஸ் வைத்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். அரைத்து வைத்த விழுதிலிருந்து இறாலைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

தாய்லாந்துக்குள்ளேயே என்றால் வழி சுலபம். மஞ்சள் கொடியில் சிவப்பில் இரண்டு எழுத்து, தூரத்திலிருந்து பார்த்தால் 17 போலத் தெரியும். அது "ஜே". இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. ஒன்பதாம் சந்திர மாதத்தில், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, ஒன்பது நாள் சைவத் திருவிழா நடக்கும்போது இந்தக் கொடி எங்கும் பறக்கும், புக்கெட்டில் குறிப்பாக. "மங்சவிரட்", அதாவது சைவம், என்று மட்டும் எழுதியிருந்தால் முட்டையும் பாலும் இருக்கலாம். மீன் சாஸ் வேண்டாம் என்பதற்கு "மை சை நாம் ப்லா". ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஜே கடைகளின் போலி இறைச்சி பெரும்பாலும் கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் செய்தது. குளூட்டன் ஆகாதவர்கள் அதை விட்டுவிட வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது இன்னும் கடுமை. மீன் சாஸ் பெரும்பாலும் நெத்திலியில் செய்வது. இறால் ஆகாதவர்கள் முதலில் தேட வேண்டியது இறால் விழுதையும் காய்ந்த இறாலையும். வேர்க்கடலை ஆகாதவர்களுக்கு மஸமன், பனாங், சாட்டே சாஸ், பாட் தாய், சோம் தாம் எல்லாமே ஆபத்து. கடலையைத் தூவ வேண்டாம் என்பது போதாது. உரல், வாணலி, பொரிக்கும் எண்ணெய் மூன்றும் பொது. ஒவ்வாமையைத் தாய் எழுத்தில் எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் வாய்ச்சொல் அடுப்பு வரைக்கும் போய்ச் சேராது.

## ஆளுக்கொரு தட்டு

தாய் சாப்பாடு நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ள அமைந்தது. நான்கு பேர் உட்கார்ந்து சிவப்புக் கறி, பச்சைக் கறி, பனாங், டாம் கா என்று வாங்கினால் மேசை முழுக்கத் தேங்காய்ப்பால். இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடும். நான்கு பேருக்குத் தேங்காய்ப்பால் கறி ஒன்று, தெளிந்த புளிப்புச் சூப் ஒன்று, வதக்கிய கீரை ஒன்று, சோம் தாமோ யாம் வகைச் சாலடோ ஒன்று, சுட்டதோ பொரித்ததோ ஒன்று, சோறு. இரண்டு பேருக்கு மூன்று பண்டம் போதும். தட்டில் சோற்றின் மேல் ஒரு பண்டத்தை ஒன்றிரண்டு கரண்டி மட்டும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் புளிப்பும் பாலும் கலந்து எதுவும் தெரியாது.

## ஐந்து நாடுகளும் இருக்கும் மெனு

சூஷி, பாட் தாய், ராமென், மஞ்சூரியன், வியட்நாம் ரோல் என நூற்றுக்கு மேல் பண்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் கோழி, மாடு, இறால், டோஃபு என்று தேர்வு. இப்படி இருந்தால் உள்ளே நான்கைந்து அடிப்படை சாஸ்கள் தயாராக இருக்கின்றன, மேலே போடுவது மட்டும் மாறுகிறது என்று அர்த்தம். ஹாய்சின், தெரியாக்கி, ஸ்வீட் சில்லி எல்லாமே இனிப்பு; மூன்று தட்டு வாங்கினால் மூன்றும் ஒரே சுவையில் வந்து நிற்கும்.

அந்தக் கடையிலும் நன்றாகச் சாப்பிடலாம். மெனுவில் எந்தப் பகுதி மற்றவற்றைவிடக் குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காவ் சோய், லாப், கேங் சோம் என்று வட்டாரப் பண்டங்கள் பெயரோடு இருந்தால் சமைப்பவரின் கை அங்கேதான் பழகியிருக்கும். அந்தப் பகுதியிலிருந்தே வாங்குங்கள். அத்தகைய கடையில் பச்சை மீன் சூஷியைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். நாளுக்குச் சில தட்டு மட்டுமே விற்கிற இடத்தில் மீன் காத்துக்கிடக்கும்.

ஃபியூஷன் என்பதே மட்டம் என்று ஒதுக்குவதும் தவறு. 1899 முதல் பெருவுக்குப் போன ஜப்பானியர்களிடமிருந்து நிக்கேய் சமையல் வளர்ந்தது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூரில் சீனமும் மலாயும் கலந்த பெரனாகன் சமையல் அதைவிடப் பழையது. இவற்றில் கலப்புக்கு ஒரு காரணமும் காலமும் இருக்கின்றன. மெனு சின்னதாக இருக்கும், அது நல்ல அறிகுறி.

தாய்லாந்தின் வணிக அமைச்சகம் தரும் "தாய் செலக்ட்" முத்திரை வாசலில் இருந்தால் தாய்ச் சுவைக்கு அது ஓரளவு உத்தரவாதம். சைவத்துக்கோ ஒவ்வாமைக்கோ அது எதுவும் சொல்வதில்லை.

## பட் கிரபாவுக்கு எந்த இலை என்று கேட்காதது

பட் கிரபாவ் என்பது இறைச்சியைத் துளசியோடு வதக்குவது; துளசி போட்டால்தான் அந்தப் பெயர். திருநீற்றுப்பச்சிலை வகை இலை போட்டால் நல்ல வதக்கல், வேறு பண்டம்.

## எலுமிச்சைப் புல்லையும் பேரரத்தையையும் மெல்லுவது

ஒதுக்கிவையுங்கள், மணத்துக்காகப் போட்டவை.

## எல்லாவற்றுக்கும் சாப்ஸ்டிக் கேட்பது

சோற்றுக்குக் கரண்டி வலக்கையில், முட்கரண்டி தள்ளிக் கொடுக்க. ஒட்டரிசிச் சோற்றுக்குக் கை. சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு.

## நூடுல்ஸ் மேசையில் நான்கு கிண்ணத்தைத் தொடாமல் எழுந்துபோவது

சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய் போட்ட மீன் சாஸ். கிண்ணச் சூப் வேண்டுமென்றே மென்மையாக வருகிறது, சுவையை நீங்கள் முடிக்க வேண்டும். முதலில் சாறை ருசி பாருங்கள். பிறகு வினிகர் ஒரு கரண்டி, தூள் அரைக் கரண்டி, சர்க்கரை ஒரு சிட்டிகை. கலக்கி, திரும்ப ருசி பாருங்கள்.

## எலுமிச்சை பிழிந்தால் பச்சை மீன் வெந்துவிடும் என்று நம்புவது

வடகிழக்குத் தாய்லாந்தின் கோய் ப்லா, பச்சை நன்னீர் மீனை எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துப் பிசைவது. அதில் வரக்கூடிய கல்லீரல் புழு பித்தநாளப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. புளிப்பு அந்தப் புழுவைக் கொல்லாது. லாப் என்கிற கொத்திய இறைச்சிச் சாலடைக் கேட்கும்போதும் "லாப் சுக்", வெந்த லாப், என்று சொல்லிவிடுங்கள்.

## விலைக்குப் பக்கத்தில் ++ இருப்பதைக் கவனிக்காதது

சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்குப் பொருள். தாய்லாந்தில் பொதுவாக 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதன் மேல் 7 சதவீத வரி: 200 பாட் என்று போட்ட தட்டு 235.40 பாட் ஆகும். சிங்கப்பூரில் 2024 முதல் வரி 9 சதவீதம். 20 டாலர் தட்டு 23.98 டாலர். சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயமில்லை.