அமெரிக்க லோடு எடுக்கும் முன் புரோக்கரைச் சரிபார்ப்பது எப்படி?

ஒன்டாரியோவிலிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவுக்குச் சரக்கு ஏற்றும் சிறு நிறுவனம் எங்களுடையது. சொந்தமாக எம்சி எண் (அமெரிக்க அரசு தரும் போக்குவரத்து உரிம எண்) வாங்கி, லோடு போர்டில் (லோடு விளம்பரங்கள் வரும் இணையதளத்தில்) முதல் லோடு தேடத் தொடங்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, இந்த புரோக்கர் பணம் கொடுப்பாரா?"

அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. சரக்கு அனுப்புபவருக்கும் டிரக்காரருக்கும் நடுவில் நின்று லோடு ஏற்பாடு செய்யும் அந்த புரோக்கர் நிறுவனத்துக்கு முறையான உரிமம் இருக்கிறதா? உங்களோடு பேசுபவர் உண்மையிலேயே அந்த நிறுவனத்து ஆள்தானா? முதல் கேள்விக்கு அமெரிக்க அரசின் இணையதளமே பதில் சொல்லிவிடும். இரண்டாவதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று பணம் பறிபோவது அதிகமும் இந்த இரண்டாவது இடத்தில்தான். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

டாட் எண் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தரும் அடையாள எண்) வாங்குவது எப்படி, லோடு போர்டில் எப்படிச் சேர்வது என்பதையெல்லாம் இங்கே விளக்கவில்லை. இந்தப் பதிவை வாசிக்கும் நேரத்தில் அவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

படி 1: எம்சி எண்ணைக் கேளுங்கள், சேஃபரில் தேடுங்கள்

பேசுபவரிடம் அவர் பெயர், நிறுவனத்தின் முழுப் பெயர், எம்சி எண் மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பிறகு, டிரக் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் (FMCSA) சேஃபர் (SAFER) தளத்தில் "கம்பெனி ஸ்னாப்ஷாட்" பக்கத்தைத் திறந்து, எம்சி எண்ணால் தேடும் வசதியைத் தேர்ந்தெடுத்து எண்ணை இடுங்கள். டாட் எண் பகுதியில் எம்சி எண்ணைப் போட்டால் சம்பந்தமே இல்லாத வேறொரு நிறுவனம் வந்து நிற்கும்.

வரும் பக்கத்தில் சட்டப்பெயர், வணிகப்பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இருக்கும். அந்தத் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் அதுதான் தேவைப்படும்.

படி 2: உரிமம் எந்த வகை என்று பாருங்கள்

புதியவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பச்சையாக "ஆக்டிவ்" என்று ஒரு சொல்லைக் கண்டதும் திருப்தி அடைந்து பக்கத்தை மூடிவிடுகிறார்கள். ஆக்டிவாக இருப்பது எது என்று யாரும் பார்ப்பதில்லை.

எஃப்எம்சிஎஸ்ஏவின் "லைசென்சிங் அண்ட் இன்சூரன்ஸ்" பக்கத்துக்குப் போய் அதே நிறுவனத்தைத் தேடி, விவரங்களைத் திறந்து பாருங்கள். உரிம அட்டவணையில் காமன், கான்ட்ராக்ட், புரோக்கர் என்று தனித்தனியாக இருக்கும். காமன், கான்ட்ராக்ட் இரண்டும் சொந்த டிரக்கில் சரக்கு ஏற்றுவதற்கான உரிமங்கள். அடுத்தவர் டிரக்கை அமர்த்திச் சரக்கு அனுப்ப வேண்டுமானால், புரோக்கர் என்ற வரிக்கு நேரே ஆக்டிவ் இருக்க வேண்டும். அங்கே "நன்" (None, அதாவது இல்லை) என்றோ "இன்ஆக்டிவ்" என்றோ இருந்தால், மற்ற இரண்டும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அவரிடம் லோடு எடுக்காதீர்கள்.

"எங்கள் டிரக் பழுதாகிவிட்டது, இந்த ஒரு லோடை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பணத்தை நாங்கள் தருகிறோம்" என்று ஒரு டிரக் நிறுவனம் அழைப்பது வாடிக்கையாகிவிட்டது. கேட்பதற்கு உதவி போலத் தோன்றும். ஆனால் உண்மையான புரோக்கர் அந்த நிறுவனத்தை நம்பிக் கொடுத்த லோடை, அவருக்குத் தெரியாமல் உங்களிடம் தள்ளிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் டபுள் புரோக்கரிங். புரோக்கர் உரிமம் இல்லாமல் இப்படிச் செய்வது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஒவ்வொரு மீறலுக்கும் அபராதம் உண்டு. புரோக்கர் தன் பங்குக்கு நடுவில் இருப்பவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவார். நடுவில் இருப்பவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். டீசல் செலவு உங்கள் தலையில்.

அதே பக்கத்தில் "பாண்ட்" என்ற வரியையும் பாருங்கள். புரோக்கர் பணம் தராவிட்டால் டிரக்காரர்கள் கோருவதற்காக, ஒவ்வொரு புரோக்கரும் 75,000 டாலருக்குப் பிணை வைத்திருக்க வேண்டும். முன்பு 10,000 டாலர் போதும் என்றிருந்ததை 2013 அக்டோபர் 1 முதல் உயர்த்தினார்கள். காப்பீட்டு விவரத்தைத் திறந்தால் பிஎம்சி-84 அல்லது பிஎம்சி-85 என்று இருக்கும். முதலாவது பிணை நிறுவனம் தரும் பாண்ட். இரண்டாவது மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்துவைக்கும் பொறுப்பு நிதி (டிரஸ்ட் ஃபண்ட்). எனக்கு 84 வைத்திருப்பவர்கள் மீதுதான் கூடுதல் நம்பிக்கை. புரோக்கரின் நிதிநிலையைப் பார்க்காமல் எந்தப் பிணை நிறுவனமும் எளிதில் பாண்ட் எழுதித் தராது.

ரத்துத் தேதி ஏதாவது போட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். பாண்டை ரத்து செய்ய 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த முப்பது நாளும் புரோக்கர் வரிக்கு நேரே ஆக்டிவ் என்றே இருக்கும். முழுகப்போகும் நிறுவனம் கடைசி நேரத்தில் லோடுகளை அள்ளிக் கொடுப்பது அந்த இடைவெளியில்தான்.

பாண்ட் இருக்கிறதே என்று அசந்துவிடவும் வேண்டாம். 75,000 என்பது அந்த புரோக்கரிடம் பாக்கி உள்ள எல்லா டிரக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். நிறுவனம் கவிழும்போது கோரிக்கைகள் அந்தத் தொகையைத் தாண்டினால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும்.

"அத்தாரிட்டி ஹிஸ்டரி" பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உரிமம் வாங்கிச் சில மாதமே ஆன புரோக்கரிடம் நான் லோடு எடுப்பதில்லை. நேர்மையான புதியவர்களுக்கு இது அநியாயம் என்று தெரியும். ஆனாலும் ஒரே ஒரு லோடின் பணம் நின்றாலே டிரக்கின் மாதத்தவணை தள்ளாடும் நிலையில்தான் நாம் இருக்கிறோம்.

படி 3: நீங்களே திருப்பி அழையுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள்.

மேலே பார்த்த விவரங்கள் அனைத்தும் பொதுவெளியில் கிடப்பவை. நல்ல பெயருள்ள ஒரு புரோக்கரின் எம்சி எண், முகவரி, லோகோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் உங்களை அழைக்கலாம். நீங்கள் தளத்தில் தேடுவீர்கள், எல்லாம் சரியாகவே இருக்கும். ஏனென்றால் நீங்கள் சரிபார்த்தது உண்மையான நிறுவனத்தை, பேசிக்கொண்டிருப்பது திருடனோடு. பின்னால் பணம் வராதபோது பாண்டில் கோரலாம் என்றால், அந்த நிறுவனம் உங்களை அமர்த்தவே இல்லையே.

அதனால் முதல் படியில் எழுதிவைத்த எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். மின்னஞ்சலின் அடியில் இருக்கும் எண்ணுக்கோ, ரேட் கன்ஃபர்மேஷனில் (லோடின் விவரமும் கூலியும் எழுதிய ஒப்பந்தத் தாளில்) இருக்கும் எண்ணுக்கோ அழைத்துப் பயனில்லை. அவற்றை எழுதியதே அந்த ஆள்தான். எடுப்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: "உங்கள் நிறுவனத்தில் இந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறாரா? இந்த லோடு எண் உங்களுடையதா? இந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு, இந்தத் தொகைக்கு எங்கள் எம்சி எண்ணுக்குத்தான் கொடுத்திருக்கிறீர்களா?" மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். லோடு எண் உண்மையாக இருந்து, அது வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருப்பதும் உண்டு.

"அந்த எண்ணில் யாரும் எடுக்கமாட்டார்கள், என் கைப்பேசிக்கே அழையுங்கள்" என்று அவசரப்படுத்தினால் அந்த லோடு வேண்டாம்.

படி 4: மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

பெரிய புரோக்கர் நிறுவனம் ஜிமெயிலிலிருந்து ரேட் கன்ஃபர்மேஷன் அனுப்பாது. ஆனால் திருடர்களுக்கும் இது தெரியும். நிறுவனப் பெயரோடு "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஒரு சொல்லையோ, நடுவில் ஒரு சிறு கோட்டையோ சேர்த்துப் புதிய டொமைன் (இணைய முகவரி) வாங்கிவிடுகிறார்கள். கைப்பேசித் திரையில் இது கண்ணில் படாது. கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்அப் பக்கத்தில் அந்த டொமைனை இட்டால் பதிவான தேதி தெரியும். பல வருடங்களாக உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் டொமைன் போன வாரம் பிறந்திருந்தால் வேறு சான்று தேவையில்லை.

படி 5: பணம் கொடுக்கும் பழக்கம்

நீங்கள் பில்களை ஃபேக்டரிங் நிறுவனத்திடம் (பில்லை வாங்கிக்கொண்டு பணத்தை முன்கூட்டியே தரும் நிறுவனத்திடம்) கொடுப்பவராக இருந்தால், லோடை ஒப்புக்கொள்ளும் முன் அவர்கள் தளத்தில் புரோக்கரின் கடன்தகுதியைப் பாருங்கள். என் வரையில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை. அவர்கள் தங்கள் பணத்தைப் போடுகிறார்கள்; அதனால் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அவர்கள் மறுக்கும் புரோக்கரை நானும் மறுத்துவிடுவேன். ஃபேக்டரிங் இல்லாதவர்களுக்கு டிஏடி (DAT) என்ற லோடு போர்டில் தெரியும் கடன்மதிப்பும், சராசரியாக எத்தனை நாளில் பணம் வருகிறது என்ற எண்ணும் போதும். டிரக்காரர் குழுக்களில் வரும் புகார்களையும் நான் படிப்பேன். ஆனால் அவற்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

படி 6: ஏற்றும் இடத்தில் டிரைவர் பார்க்க வேண்டியது

ரேட் கன்ஃபர்மேஷனில் உங்கள் நிறுவனப் பெயரும் எம்சி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்து. பிறகு இந்த ஒன்றை டிரைவருக்குச் சொல்லி அனுப்புங்கள்: கிடங்கில் கொடுக்கும் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்குச் சீட்டில்) "கேரியர்" (சரக்கை ஏற்றிச் செல்லும் நிறுவனம்) என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று வாசித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தால் கதவை மூடும் முன்பே உங்களுக்கு அழைக்க வேண்டும். "கிடங்கில் கேட்டால் வேறு கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லுங்கள்" என்று புரோக்கரே சொல்லிக் கொடுத்தால், அது டபுள் புரோக்கரிங் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அந்த நேரத்தில் பில்லில் இருக்கும் புரோக்கரின் அலுவலகத்தையோ, சரக்கு அனுப்புபவரையோ நேரடியாக அழையுங்கள். வெற்று டிரக்கோடு திரும்புவது நஷ்டம்தான். ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுப் பணத்துக்கு அலைவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தம்பி கேட்டிருந்தார்: வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் லோடு வந்தால் யாரைத் திருப்பி அழைப்பது? நல்ல கேள்வி. மோசடி அழைப்புகள் அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. அலுவலகம் பூட்டியிருக்கும், டிரைவர் வார இறுதியில் சும்மா நிற்பாரே என்ற கவலையில் நாமும் இறங்கிப்போவோம். பெரிய நிறுவனங்களுக்கு இரவிலும் ஆள் இருக்கும் எண் உண்டு. அதை நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து எடுங்கள். யாரும் எடுக்காவிட்டால், ஏற்கெனவே வேலை செய்து பழகிய புரோக்கர்களின் லோடை மட்டும் பாருங்கள். இதற்காகவே பழகிய புரோக்கர்களின் பெயர், சேஃபரில் உள்ள தொலைபேசி எண், பணம் வந்த நாள் மூன்றையும் ஓர் எக்செல் தாளில் வைத்திருக்கிறேன்.

கோவையிலிருந்து இரவுப்பணியில் டிஸ்பேட்ச் (டிரக்குகளுக்கு லோடு ஒதுக்கும் வேலை) செய்யும் ஒரு தங்கை இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்: எம்சி எண்களே விலைக்கு விற்கப்படுகின்றன. பழைய, சுத்தமான உரிமத்தை வாங்கிக்கொண்டு புதியவர் மோசடி செய்தால், சேஃபரில் இருக்கும் தொலைபேசி எண்ணும் அவருடையதாகவே இருக்கும். திருப்பி அழைத்தும் பிடிபடமாட்டார். அவர் சொல்வது சரி. இதற்கு நான் செய்வது, நிறுவனத்தின் பெயரைக் கூகுளில் தேடிப் பழைய முகவரியையும் எண்ணையும் சேஃபரில் இருப்பதோடு ஒப்பிடுவது. இரண்டும் அண்மையில் மாறியிருந்தால் ஃபேக்டரிங் நிறுவனத்துக்கு அழைத்து, அந்த மாற்றம் அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் லோடை ஒப்புக்கொள்வேன்.