நாந்த்–பிரெஸ்ட் கால்வாய்க்கரையில் நான்கு நாள்: கார் வராத சரளைப் பாதைக்கு ஒரு வழிகாட்டி

பிரான்சின் கிராமப்புறத்தில் கார் வராத சைக்கிள் பாதை வேண்டுமென்றால் வரைபடத்தில் இரண்டே இரண்டைத் தேடுங்கள்: பழைய கால்வாய், கைவிட்ட ரயில் தடம். இரண்டும் ஒரே பயணத்தில் அமையும் இடம் மேற்கே பிரிட்டனியில் இருக்கிறது. ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை மறித்து நின்ற காலத்தில், சரக்கை உள்நாட்டு வழியாகவே கொண்டுபோக நெப்போலியன் 1811-இல் உத்தரவிட்ட நாந்த்–பிரெஸ்ட் கால்வாய் அது. நீளம் 364 கி.மீ. படகை இழுக்கும் குதிரைகளுக்காகப் போட்ட கரைப்பாதைதான் இன்று சைக்கிளுக்குக் கிடைத்திருக்கிறது. பாதையின் எண் V6.

முழுவதையும் ஓட்ட வேண்டியதில்லை. கரே ஊரிலிருந்து ரெதோன் வரையிலான சுமார் 200 கி.மீ. நான்கு நாளுக்குச் சரியாக இருக்கும். பலரும் ரெதோனில் தொடங்கி மேற்கே போகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். இங்கே காற்று பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து வீசும். மேட்டுப் பகுதியில் மரம் குறைந்த இடங்களில் நாள் முழுக்க எதிர்காற்றில் மிதித்தால் 60 கி.மீ. 90 கி.மீ. போலக் கனக்கும். மேற்கில் தொடங்கினால் முதல் நாளே பெரிய ஏற்றம் முடிந்துவிடும். காற்றும் முதுகுப் பக்கம் இருக்கும்.

ரயிலும் இதற்கு ஒத்துவரும். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து கெங்கான் வரை அதிவேக ரயில் (டிஜிவி), அங்கிருந்து கரேக்குச் சிறிய உள்ளூர் ரயில். கரே என்ற பெயரின் கடைசியில் ஓர் எக்ஸ் எழுத்து நிற்கும், உச்சரிப்பில் வராது. டிக்கெட் எடுக்கும்போது தடுமாறாதீர்கள். டிஜிவியில் சக்கரம் கழற்றி 130 × 90 செ.மீ. உறைக்குள் போட்ட சைக்கிள் கைச்சாமான் கணக்கில் போய்விடும். முழுதாக ஏற்ற வேண்டுமானால், அந்த வசதியுள்ள ரயிலில் சைக்கிளுக்கும் முன்பதிவு தேவை. உள்ளூர் ரயிலில் கொக்கிகள் சில மட்டுமே. அவை நிரம்பிவிட்டால் அடுத்த ரயிலுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால் காலை ரயிலையே பிடியுங்கள்.

டயர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். இங்கே சரளை என்பது பெருங்கல் அல்ல. பொடிக்கல்லும் மணலும் கலந்து உருளை போட்டு இறுக்கிய தரை. காய்ந்த நாளில் 32 மி.மீ. டயரே ஓடும். ஒரு மழை பெய்தால் மேல்தளம் தோசை மாவுப் பதத்துக்கு வந்துவிடும். மெல்லிய டயர் அதைக் கீறி உள்ளே இறங்கும். 38 முதல் 42 மி.மீ., நடுவில் வழவழப்பும் ஓரத்தில் சிறு குமிழும் உள்ள டயர் பொருத்தம். பெரிய முள் டயர் வீண்சுமை. 70 கிலோ ஆள், 10 கிலோ மூட்டை என்றால் 40 மி.மீ. டியூப்லெஸ் டயரில் முன்னால் 32, பின்னால் 37 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்று தொடங்குங்கள். டியூப் போட்டிருந்தால் இரண்டிலும் ஐந்து கூட்டுங்கள், இல்லையேல் வேர் மேட்டில் ரிம் இடித்து டியூபில் பாம்புக்கடி போல இரட்டைத் துளை விழும்.

சேற்றைவிடத் தொல்லை தருவது மட்கார்டுதான். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே குறைந்தது 10 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஈர மணல் உள்ளே அப்பி, மதிய வெயிலில் காய்ந்து சிமென்ட் ஆகிவிடும். சக்கரம் ‘கர்’ரென்று உரசத் தொடங்கியதும் நின்று குச்சியால் சுரண்டி எடுங்கள், மிதித்துச் சரிசெய்யப் பார்த்தால் மட்கார்டின் கம்பிதான் ஒடியும். பிரேக் கட்டையும் இந்த மணலில் வேகமாகத் தேயும். ஒரு ஜோடி உபரி, இரண்டு டியூப், ஒரு செயின் இணைப்பு, துணி, ஈரத்துக்கான செயின் எண்ணெய் ஆகியவை பையில் இருக்கட்டும். மாலையில் செயினை முதலில் உலரத் துடைத்து, பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மணல்மேல் எண்ணெய் விட்டால் அது அரைக்கும் பசையாகிவிடும்.

முதல் நாள் கரேயிலிருந்து பழைய ரயில் தடமான V7-ஐப் பிடித்துத் தெற்கே இறங்கினால் கால்வாய் வரும். அங்கிருந்து கிழக்கே குவாரெக் வரை, மொத்தம் சுமார் 45 கி.மீ. தூரம் குறைவு என்று ஏமாற வேண்டாம். கால்வாய் க்ளோமெல் மேட்டை நோக்கி மதகு மதகாக ஏறுகிறது. படகை ஏற்றி இறக்கும் இரட்டைக் கதவு மதகு இது; பலகையில் ‘எக்லூஸ்’ என்றிருக்கும். ஒவ்வொரு மதகிலும் பாதை சுமார் மூன்று மீட்டர் உயரத்துக்குச் சட்டென்று ஏறும். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, உட்கார்ந்தபடியே மிதியுங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, உதிர்மணலில் வழுக்கும். உச்சியில், சுமார் 184 மீட்டர் உயரத்தில், க்ளோமெல் பெருவெட்டு. 3 கி.மீ.க்கு மேல் நீளம், ஆழமான இடத்தில் 20 மீட்டருக்கு மேல். 1823-க்கும் 1832-க்கும் இடையே கைதிகளை வைத்து மண்வெட்டியால் வெட்டியது. வெயில் அதிகம் படாததால் மழை விட்ட பின்பும் இந்தப் பகுதி ஈரமாகவே கிடக்கும்.

இரண்டாம் நாள் கால்வாயை விட்டு விலக வேண்டிய நாள். 1930-இல் முடிந்த கெர்லெதான் அணை கால்வாயை இரண்டாகத் துண்டித்து, பல மதகுகளை ஏரிக்குள் மூழ்கடித்துவிட்டது. ‘தண்ணீர் ஓரமாகவே போவோம்’ என்று ஏரிக்கரையில் திரும்பினால் நடைபயணிகளின் ஒற்றையடிப் பாதையில் படியும் வேருமாக மாட்டிக்கொள்வீர்கள். குவாரெக்கிலிருந்து ம்யூர்-த-பிரெத்தாஞ் வரை காட்டுக்குள் போகும் பழைய ரயில் தடத்தைப் பிடியுங்கள். ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு வாங்காது. அணைக்குக் கீழே மறுபடி நீரோரம் சேர்ந்து போன்திவி வரலாம். சுமார் 45 கி.மீ.

போன்திவியில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். அதுவரை ப்ளவே ஆற்றோடு வந்த பாதை நேராகத் தெற்கே தொடரும். தரமும் நன்றாக இருக்கும், ஆனால் அது V8, லோரியான் போகிற வழி. நம் V6 ஊருக்குள்ளேயே கிழக்கே கிளைக்கிறது. மூன்றாம் நாள் காலை கிளம்பிய கொஞ்ச தூரத்தில் மதகுகள் ஏறுமுகமாக வரிசைகட்டி நின்றால் சரியான வழி. நீரோட்டத்தோடு சுகமாக இறங்கிக்கொண்டே போனால் திரும்புங்கள். இல்வெர்ன் மேடு (சுமார் 129 மீட்டர்) தாண்டியதும் ரோஆன் வழியாக ஜோஸ்லான் வரை இறக்கம். சுமார் 50 கி.மீ. அங்கே ஊஸ்த் ஆற்றின் விளிம்பிலேயே மூன்று கோபுரங்களோடு நிற்கும் கோட்டையைப் பார்க்க மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

கடைசி நாள் மாலெத்ருவா வழியாக ரெதோன், 60 கி.மீ.க்குச் சற்று மேல். சமதரை, மதகுகள் குறைவு, வேகமாக ஓடலாம். குளிர்காலத்தில் ஊஸ்த் ஆறு பெருகி இந்தப் பகுதியைத்தான் முதலில் மூழ்கடிக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போவது நல்லது.

சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக் கடைகள் பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை, சில இடங்களில் அதற்கும் மேலே, மூடிக்கிடக்கும். ஞாயிறு பிற்பகலிலும் பல ஊர்களில் திங்கள் முழுவதும் ஒன்றும் கிடைக்காது. ஞாயிறு காலையிலேயே ஒன்றரை நாளுக்கான ரொட்டியும் சீஸும் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தோசைக்கு ஏங்குபவர்களுக்கு கலெத் உண்டு. பாப்பரை (பக்வீட்) மாவில் கல்லில் வார்ப்பது, முறுகலாகவே தருவார்கள். பட்டியலில் ‘கம்ப்ளேத்’ என்றிருந்தால் முட்டை, சீஸோடு பன்றி ஹாமும் உள்ளே இருக்கும். வேண்டாமென்றால் ‘சான் ஜாம்போன்’ என்று சொல்லுங்கள்.

தண்ணீர் தீர்ந்தால் இடுகாட்டைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அநேகமாக எல்லா ஊர் இடுகாட்டிலும் குழாய் இருக்கும். ‘நோன் போத்தாபிள்’ என்ற பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். தங்குவதற்கு ‘அக்கேய் வெலோ’ முத்திரை உள்ள இடங்கள் பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் தருவார்கள்.

நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். தூண்டில்காரர்கள் பாதையின் குறுக்கே நீண்ட கோல்களைக் கிடத்தியிருப்பார்கள். தூரத்திலிருந்தே மணி அடியுங்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசமும், இரவில் ஊர் எல்லைக்கு வெளியே எல்லோருக்கும் ஒளிரும் மேலாடையும் சட்டப்படி கட்டாயம். வண்டிகளைத் தடுக்க வைத்த கம்பிகளுக்கிடையே பக்கவாட்டுப் பை உரசும். இறங்கித் தள்ளுவதே மேல்.

சைக்கிளை உறையில் போட்டுத் திரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு நாள் மணலில் பெடல் மரை இறுகிப்போயிருக்கும். வீட்டிலேயே பெடலைக் கழற்றி கிரீஸ் தடவி மாட்டிவிட்டு வாருங்கள். ரெதோன் நிலையத்தில் கழற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம்: வலது பெடலைத் தளர்த்தும் திசையில் இதைத் திருப்பினால் இன்னும் இறுகிவிடும், ரயில் காத்திருக்காது.